நாணின் ஒலியும் அதனை அடக்கும் வகையும்

வில் என்றவுடன் நம் நினைவிற்கு வருவன இரண்டு: ஒன்று அதன் வளைவு, மற்றொன்று அதன் ஒலி. வீரன் போர்க்களம் புகுந்ததும் முதலில் நாணைத் தெறித்து ஒலி எழுப்பினான் என்றும், அவ்வொலி கேட்டுப் பகைவர் நடுங்கினர் என்றும் நம் காப்பியங்கள் பலபடப் பேசுகின்றன. ஆனால் அதே வில்லை ஏந்திக் காட்டிற்குள் செல்லும் வேடனோ அவ்வொலியைப் பகையாகவே கருதினான். வீரன் விரும்பிய ஒலியை வேடன் வெறுத்தது ஏன்? நாண் ஒலிப்பதற்குக் காரணம் யாது? அதனை அடக்க நாணில் கம்பளிக் குஞ்சம் கட்டுகின்றனரே, அது எவ்வாறு வேலை செய்கின்றது? இவற்றையே இங்கு விளக்க விரும்புகின்றேன்.

இராசபாளையத்தை அடுத்த சோழபுரத்தில் வாழ்வோருக்கு வில் புதிய பொருளன்று. அருகிலுள்ள திருவில்லிபுத்தூரின் பெயரிலேயே வில் இருக்கின்றது. வில்லி, கண்டன் என்னும் வேடர் குலச் சகோதரர் இருவர் இக்காட்டில் வேட்டையாடி வந்தனர் என்றும், கண்டன் புலியால் மாண்ட பின்னர் வில்லி காடு திருத்தி ஊர் அமைத்தான் என்றும் தலவரலாறு கூறும். தென்மாவட்டங்களின் கொடை விழாக்களிலோ வில் ஓர் இசைக்கருவியாகவே மாறிவிட்டது. அதுதான் வில்லுப்பாட்டு. சோழபுரத்தில் அதனைக் கேட்டுப் பழகிய நான், நாணொலியை விளக்க அதனினும் தக்க எடுத்துக்காட்டு வேறில்லை என்று கருதுகின்றேன்.

வில்லுப்பாட்டுக் கலைஞர் நீண்ட வில்லொன்றை நாண் மேற்புறமாக இருக்கும்படி கிடத்தி, அதன் நடுப்பகுதியைக் குடத்தின்மேல் பொருத்துவர். வில்லின் தண்டில் வெண்கல மணிகள் தொங்கும். வீசுகோலால் நாணை அடித்தவுடன் நாண் அதிர்கின்றது. நாணின் அதிர்வு தண்டிற்குச் செல்கின்றது. தண்டு மணிகளைக் குலுக்குகின்றது. குடமும் உடன் முழங்குகின்றது. மெல்லிய நாண் தானே அசைக்கும் காற்று மிகச் சிறிது. ஆகையால் தனி நாணின் ஒலி பெரிதன்று. அது தன் அதிர்வைத் தண்டிற்கும் மணிக்கும் குடத்திற்கும் கைமாற்றுவதனால்தான் ஊர் முழுதும் கேட்கும் ஒலி பிறக்கின்றது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், கொத்தமங்கலம் சுப்பு, சுப்பு ஆறுமுகம் முதலியோர் நகரத்து மேடைகளிலும் வளர்த்த கலை இதுவே. அவர்களுள் சுப்பு ஆறுமுகம் 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்று, 2022ஆம் ஆண்டு மறைந்தார்.

வில்லிலிருந்து இசை பிறந்தது இன்று நேற்றன்று. குமிழ மரக்கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி ஆயன் ஒருவன் வில்யாழ் இசைத்த செய்தி பெரும்பாணாற்றுப்படையில் வருகின்றது. விபுலானந்த அடிகளும் 1947ஆம் ஆண்டு வெளிவந்த தம் யாழ்நூலில் யாழின் தோற்றத்தை வில்லிலிருந்தே விளக்குவார்.

இனி, அம்பு எய்யும் வில்லுக்கு வருவோம். நாணை இழுக்கும்போது நம் கையின் உழைப்பு, வளைந்த வில்லில் ஆற்றலாகச் சேர்கின்றது. நாணை விட்டதும் அவ்வாற்றலின் பெரும்பங்கு அம்பைச் சேர்ந்து அதனைச் செலுத்துகின்றது. ஆனால் முழுவதும் சேர்வதில்லை. வில்லின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் நாணும் தாமே எடையுள்ள பொருள்கள். அவையும் அம்புடன் விரைந்து நகர்கின்றன. அம்பு நாணை விட்டு நீங்கும் நொடியில் நாண் இறுகி நிற்க, நகர்ந்து கொண்டிருந்த தண்டு திடீரென்று தடுக்கப்படுகின்றது. எஞ்சிய ஆற்றல் அப்பொழுது அதிர்வாக மாறுகின்றது. அவ்வதிர்வில் ஒரு பகுதியே நாம் கேட்கும் ஒலி. சுருங்கச் சொன்னால், நாணொலி என்பது அம்பைச் சேராமல் போன ஆற்றலின் குரல்.

வேடன் இக்குரலுக்கு அஞ்சியதன் காரணத்தை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். மான் 20 மீட்டர் தொலைவில் நிற்பதாகக் கொள்வோம். மரவில்லிலிருந்து செல்லும் அம்பின் வேகம் நொடிக்கு 50 மீட்டர் எனக் கொண்டால், அது மானை அடைய நொடியில் பத்தில் நான்கு பங்கு வேண்டும். ஒலியோ நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வது. ஆதலின் நொடியில் நூற்றில் ஆறு பங்கிலேயே அது மானின் செவியை எட்டிவிடும். ஒலி வந்த பின் அம்பு வர நொடியில் மூன்றில் ஒரு பங்கு இடைவெளி இருக்கின்றது. மான் வெருண்டு உடல் தாழ்த்தித் துள்ளுவதற்கு அவ்விடைவெளி போதும். அம்பு எத்துணை நேராகச் சென்றாலும், சென்று சேருமிடத்தில் இலக்கு இராது. அல்லது படக்கூடாத இடத்தில் பட்டு, விலங்கு நெடுநேரம் துன்புறும். வேட்டை வாழ்வில் ஓர் ஒலி உணவையும் பறித்தது, துன்பத்தையும் பெருக்கியது.

இன்று நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை தடுக்கப்பட்டுள்ளது. வில்லி வேட்டையாடிய மலைக்காடும் 2021ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகமாகியது. ஆகவே நமக்கு இஃது இலக்கு எய்யும் விளையாட்டைச் சார்ந்த கலையே. அவ்விளையாட்டிலும் ஒலியடக்கிக்குப் பயன் உண்டு. ஒவ்வொரு முறையும் காதருகே எழும் ஒலி எய்பவனின் கவனத்தைக் கலைக்கும். அதனை எதிர்பார்த்து அவன் கண் இமைக்கும், கை நடுங்கும்.

ஒலியடக்கி என்பது கம்பளி நூல், மென்மயிர்த் தோல், இரப்பர்க் கீற்று ஆகியவற்றுள் ஒன்றால் ஆன சிறு குஞ்சம். அதனை நாணின் புரிகளுக்கு இடையே செருகிக் கட்டுவர். நாண் அதிரும்போது குஞ்சத்தின் இழைகள் காற்றோடும் தம்முள்ளும் உராய்கின்றன. அதிர்வின் ஆற்றல் சிறு வெப்பமாக மாறி அடங்குகின்றது. வில்லுப்பாட்டின் மணி அதிர்வை ஒலியாக்குகின்றது; கம்பளிக் குஞ்சம் அதே அதிர்வை ஒலியாகாமல் தணிக்கின்றது. இரண்டும் வில்லில் தொங்குவனவே. செய்யும் தொழிலோ நேர்மாறானது.

குஞ்சத்தை எங்குக் கட்டுவது? இதில் பௌதிக நூல் நமக்குத் துணை செய்கின்றது. கட்டிய நாண் முழு நீளமாக அதிர்வதுடன், இரண்டு கூறாகவும், மூன்று கூறாகவும், நான்கு கூறாகவும் ஒருங்கே அதிரும். கூறுகள் சந்திக்கும் இடத்தில் நாண் அசைவதில்லை. அவ்விடத்தைக் கணு என்பர். கணுவில் கட்டிய குஞ்சம் அந்த அதிர்வைப் பொறுத்தவரை உறங்கும். நீளத்தின் நான்கில் ஒரு பங்குள்ள இடம் நான்கு கூறு அதிர்வுக்குக் கணு. மூன்றில் ஒரு பங்குள்ள இடம் மூன்று கூறு அதிர்வுக்குக் கணு. ஆகவே ஒரு குஞ்சத்தை மேல்நுனியிலிருந்து நான்கில் ஒரு பங்கிலும், மற்றொன்றைக் கீழ்நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கிலும் கட்டினால், ஒன்று உறங்கும் இடத்தில் மற்றது விழித்திருக்கும். 150 சென்டிமீட்டர் நாணாயின், மேலே 37 அல்லது 38 சென்டிமீட்டரிலும் கீழே 50 சென்டிமீட்டரிலும் அடையாளம் இட்டுக் கொள்ளலாம். நாணின் நடுவில் கட்டலாகாது. அங்கு வைக்கும் எடை அம்பின் வேகத்திலேயே நகர வேண்டியிருப்பதால், அம்புக்குரிய ஆற்றலை அது உண்டுவிடும்.

கட்டும் முறை எளிது. கம்பளி நூலை நான்கு விரல் அகல அட்டையில் பதினைந்து இருபது சுற்றுச் சுற்றிக் கழற்றிக் கொள்க. மழுங்கிய ஊசியால் நாணின் புரிகளை இரு சமபாதியாக விலக்கி, நூற்கற்றையை இடையே செருகி, அதன் நடுவில் இறுக முடிச்சிடுக. பின்னர் இருபுறத்துச் சுருள்களை வெட்டிப் பிரித்துவிட்டால் குஞ்சம் பூப்போல விரியும். நாணின் இழையை அறுத்துவிடாமல் காப்பது முக்கியம். பத்துப் பன்னிரண்டு அம்பு எய்த பின், குஞ்சம் நழுவியுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். கம்பளி மழையில் நீர் உறிஞ்சிக் கனத்து அம்பின் வேகத்தைக் குறைக்கும். இரப்பர் நனையாது, ஆயினும் நம் நாட்டு வெயிலில் நாளடைவில் இறுகி வெடிக்கும்.

இவ்வளவும் கூறிய பின், இக்கட்டுரையில் நான் முதன்மையாக வற்புறுத்த விரும்பும் கருத்தொன்று உண்டு. ஒலியடக்கி ஒலியைக் குறைக்குமேயன்றி, இழந்த ஆற்றலை அம்புக்கு மீட்டுத் தாராது. வழக்கத்திற்கு மாறாக வில் உரக்க ஒலித்தால், அது ஒரு குறையைத் தெரிவிக்கின்றது. அம்பு மிக இலேசாக இருக்கலாம். இலேசான அம்பு ஆற்றலை முழுதும் வாங்கிக் கொள்ளும் முன்பே ஓடிவிடுவதால், மிச்சம் வில்லையே தாக்கும். 40 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 18 கிலோகிராம் இழுவிசை உள்ள வில்லுக்கு 25 கிராம் அளவான அம்பு பொருந்தும். அல்லது நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள இடைவெளி குறைந்திருக்கலாம்; நாணைக் கழற்றிச் சில முறுக்குகள் கூட்டினால் அது சீராகும். அல்லது தண்டில் விரிசல் கண்டிருக்கலாம். அம்பே பூட்டாமல் வெறும் நாணை இழுத்துவிட்டால் ஆற்றல் அனைத்தும் வில்லிலேயே தங்கி, வில் முறிந்து எய்தவனைக் காயப்படுத்தவும் கூடும். அதனாலேயே எந்த வில்வித்தை ஆசிரியரும் அதனை அனுமதிப்பதில்லை.

ஆகவே மாணவர்கள் முதலில் குஞ்சமின்றிச் சில அம்பு எய்து, வில்லின் ஒலியைச் செவிகொடுத்துக் கேட்க வேண்டும். அம்பின் எடையையும் நாணின் இடைவெளியையும் திருத்த வேண்டும். தண்டைத் தடவிப் பார்க்க வேண்டும். இவற்றாலேயே ஒலியின் பெரும்பகுதி தணிந்துவிடும். அதன்பின் எஞ்சும் ரீங்காரத்திற்கே கம்பளி உரியது. நோயின் காரணம் அறியாமல் வலியை மட்டும் மறைக்கும் மருந்து எத்தகையதோ, குறையை ஆராயாமல் கட்டும் ஒலியடக்கியும் அத்தகையதே. ஒலியை அடக்கும் உரிமை, அவ்வொலி கூறுவதை முதலில் கேட்டு அறிந்தவனுக்கே உண்டு.