‘யெஸ், இட்ஸ் மீ’யை அழுத்துமுன்



பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கும் ஹஜ் பயணத்துக்கும் இப்போது ஆன்லைனில்தான் விண்ணப்பிக்கிறோம். நமது அலுவலகத்துக்கு உதவி கேட்டு வருகிறவர்களில் பலர் விண்ணப்பத்தை நிரப்புவதில் தடுமாறுவதில்லை; லாகின் என்னும் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். அங்கே வரும் ஆங்கிலம் பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான்.

‘செஷன் எக்ஸ்பயர்டு’ என்று வந்தால் கணக்கே காலாவதியாகிவிட்டதாகக் கலங்குகிறார்கள். அப்படியில்லை. சிறிது நேரம் எதையும் தொடாததால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மறுபடி லாகின் செய்தால் போதும். ‘இன்வேலிட்’ என்றால் நாம் அடித்ததில் ஏதோ தவறு. திரும்பத் திரும்ப முயன்றால் ‘அக்கவுண்ட் லாக்டு’ ஆகிவிடக்கூடும். அதற்குமுன் ‘ஃபர்காட் பாஸ்வேர்ட்’ என்பதை அழுத்துங்கள். அது பழைய விவரங்களை அழிக்காது, புதிய பாஸ்வேர்ட் போட வழிவிடும், அவ்வளவே.

‘ரெக்கவரி நம்பர்’ என்பது, நாம் மறந்துபோனால் ‘இவர்தான் உரியவர்’ என்று சொல்லும் சாட்சி. நம் வீடுகளில் பெரிய சிக்கல் இதில்தான். மகன் துபாய்க்கோ சவூதிக்கோ கிளம்புமுன் தன் நம்பரைக் கொடுத்து உம்மாவுக்கு இமெயில் திறந்து தந்திருப்பார். இங்குள்ள சிம் 90 நாட்களுக்கு மேல் உபயோகமில்லாமல் கிடந்தால் துண்டிக்கப்படலாம். பிறகு அதே எண் வேறொருவருக்குப் போகும், ஓ.டி.பி.யும் அவருக்கே போகும்! பிரவுசிங் சென்டர்காரர் தம் நம்பரைப் போட்டுத் திறந்து கொடுத்த கணக்குகளும் இந்த ரகம்தான். உள்ளே போக முடிகிறபோதே நம்பரை மாற்றிவிடுங்கள். ஆதாரில் உள்ள பழைய நம்பர் கையில் இல்லாவிட்டால், ஆதார் சேவை மையத்துக்கு நேரில் சென்று கைரேகை வைத்து மாற்றிக்கொள்ளலாம். பழைய நம்பருக்கு ஓ.டி.பி. வர வேண்டியதில்லை.

இனி, உண்மையாகவே பயப்பட வேண்டியவை. ‘ஆர் யூ டிரையிங் டு சைன் இன்?’ என்று போன் கேட்டால், ‘இப்போது உள்ளே நுழைய முயல்வது நீங்கள்தானா?’ என்று பொருள். நீங்கள் எதுவும் செய்யாதபோது இது வந்தால், வேறெவரோ உங்கள் பாஸ்வேர்டுடன் வாசலில் நிற்கிறார். பழக்கத்தில் ‘யெஸ், இட்ஸ் மீ’யை அழுத்தினால் கதவைத் திறந்துவிட்டதாகிவிடும். ‘நோ’ கொடுத்துவிட்டு உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

‘டு நாட் ஷேர்’ என்றால் யாரிடமும் சொல்லாதே. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவரிடமும்தான். ‘கிரெடிட்’ பணம் வருவது, ‘டெபிட்’ போவது. “ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது, வாங்கிக்கொள்ள யு.பி.ஐ. பின் போடுங்கள்” என்று எவராவது சொன்னால் அது மோசடி. பணம் வாங்குவதற்குப் பின் தேவையே இல்லை.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு வீட்டில் மறைக்க வேண்டாம். உடனே 1930க்கும் வங்கிக்கும் சொல்லுங்கள். 2017ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, ஓ.டி.பி.யை நாமே சொல்லியிருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது நம் நஷ்டம். தெரிவித்தபின் போவது வங்கியின் பொறுப்பு. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வருகிறது. சைபர்கிரைம்.கவ்.இன் தளத்திலும் புகாரைப் பதியலாம்.

நம்பர் மாற்றத் தெரியாதவர்கள் போனுடன் அலுவலகத்துக்கு வாருங்கள். காட்டித் தருகிறோம். பாஸ்வேர்டை மட்டும் எங்களிடமும் சொல்ல வேண்டாம், நீங்களே அடியுங்கள்.