டிக்கெட் என் கையில்!



ரயிலில் போகும்போது உங்கள் கோச் எது, பெர்த் நம்பர் எது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சிரிக்காதீர்கள். எனக்கு ஐம்பத்தெட்டு வயசு வரைக்கும் தெரியாது. டிக்கெட், பெட்டிச் சாவி, சங்கிலி எல்லாம் என் கணவரிடம்தான் இருக்கும். அவர் முன்னால் வேகவேகமாக நடப்பார். நான் சாப்பாட்டுக் கூடையும் தண்ணீருமாக, கூட்டத்தில் அவர் சட்டை நிறத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடுவேன். பழநி, திருப்பதி, குருவாயூர் எல்லாம் இப்படித்தான் போய் வந்தேன். ஊரைப் பார்த்தேனோ இல்லையோ, அவர் முதுகை நன்றாகப் பார்த்திருக்கிறேன்!

2023 ஜனவரியில் இது மாறிப் போனது.

நாங்கள் இருப்பது கும்பகோணத்தில். மகள் டில்லியில். முதல் பிரசவத்தை நம் வீட்டில் பார்த்தாயிற்று. இரண்டாவதற்கு, பேரனுடைய ஸ்கூலை விட்டு வர முடியாது என்பதால், "நீயும் அப்பாவும் இங்கே வந்துடுங்கம்மா" என்றாள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பரில் இரண்டு டிக்கெட் எடுத்தோம். கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது என் கணவர் வாசற்படியில் வழுக்கி விழுந்தார். கணுக்காலில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் நடக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

பிரசவ தேதி நமக்காகக் காத்திருக்குமா? சென்னையில் இருக்கும் மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. விமானத்தில் அனுப்பலாம் என்றால், என் பத்தியச் சாமான்களே இருபது கிலோ! சுக்கு, பூண்டு, கருப்பட்டி, நானே கிளறிய பிரசவ லேகியம், வசம்பு, பழைய பருத்திப் புடவைகள்... எதை விட்டுவிட்டுப் போவது? எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது, "நான் தனியாப் போறேன்" என்று ஒரு குரல் கேட்டது. பார்த்தால், அது என் குரல்தான்!

அதற்கப்புறம் தூக்கம் போயிற்று. வயிற்றில் புளியைக் கரைத்தது. ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா? அந்தப் புளியோடு கொஞ்சம் வெல்லமும் கலந்திருந்தது. பயமா, சந்தோஷமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கணவரைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் வந்தார். கணவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே, வழியில் வரும் ஸ்டேஷன்களின் பெயரையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கடைசியில் டிக்கெட்டை எடுத்தார். அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, "பத்திரம்" என்று சொல்லி நீட்டினார். இத்தனை வருஷக் கல்யாண வாழ்க்கையில் முதல் தடவையாக டிக்கெட் என் கைக்கு வந்தது.

சென்னை சென்ட்ரலில் மகன் ஏற்றிவிட்டான். முன்பெல்லாம் பெட்டி வாசலில் சார்ட் ஒட்டியிருப்பார்கள். அதில் பெயரைத் தேடுவதே ஒரு திருவிழா. 2018-ல் அதை நிறுத்திவிட்டார்கள். நானே கோச்சைக் கண்டுபிடித்து, பெர்த்தையும் கண்டுபிடித்து உட்கார்ந்தேன். ரயில்வே பாதுகாப்புப் படையைச் சேர்ந்த ஒரு பெண் போலீஸ் வந்து, "தனியாவா போறீங்கம்மா?" என்று விசாரித்து, பெர்த் நம்பரைக் குறித்துக்கொண்டார். தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்காக 2020-ல் 'மேரி சஹேலி' என்று ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறார்களாம். 'என் தோழி' என்று அர்த்தம். அந்தப் பெண் "கவலைப்படாதீங்க" என்று சொன்ன ஒரு வார்த்தையில் பாதி பயம் போயிற்று.

இரவு பத்து மணிக்கு ரயில் புறப்பட்டது. டில்லி சுமார் 2,180 கிலோமீட்டர். பெட்டியின் மேல் ஒரு கையும் பர்ஸின் மேல் ஒரு கையுமாகப் படுத்திருந்தேன். விடியற்காலை இருட்டில் தடதடவென்று பாலத்தின் சத்தம். விஜயவாடாவுக்கு முன்னால் கிருஷ்ணா நதி! கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இருட்டைப் பார்த்துக் கும்பிட்டேன்.

காலையில் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது போன் வந்தது. "இப்ப எங்கே இருக்கே, சொல்லு பார்ப்போம்?" என்றார் என் கணவர்.

"எனக்கென்னங்க தெரியும்?"

"ராமகுண்டம் தாண்டியாச்சு. இப்ப கோதாவரி வரும். காசு எடுத்து வெச்சுக்கோ."

செல்போனில் ரயில் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் மனுஷர்! சொன்ன மாதிரியே கோதாவரி வந்தது. ஜன்னல் வழியாகக் காசை வீசினேன். பாலத்து இரும்பில் 'டங்'கென்று பட்டுத் தெறித்தது. நதியில் விழுந்ததோ என்னவோ!

அப்போது ஒரு பழைய ஞாபகம். 1988-ல் அவர் ஆபீஸ் வேலையாக டில்லி போனார். 'சுகமாகச் சேர்ந்தேன்' என்று தந்தி வரும்வரை நான் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்தத் தந்தி சேவையே 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. காத்திருப்பது மட்டும் நிற்கவில்லை. இந்தத் தடவை காத்திருந்தது அவர்.

வழியெல்லாம் பார்த்துத் தீரவில்லை. தெலுங்கு எழுத்துப் பலகைகள் போய், பல்லார்ஷா வந்ததும் இந்தி எழுத்து. காடு முடிந்து கரிசல் மண், பருத்தி வயல்கள். "காபி காபி" என்ற குரல் "சாய் சாய்" என்று மாறியது.

இனி சொல்வதை என் கணவரே இதில் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார். நாக்பூரில் பிளாட்பாரத்தில் ஆரஞ்சைக் குவித்து வைத்திருந்தார்கள். "எங்கேயும் கீழே இறங்காதே" என்று நூறு தடவை சொல்லியிருந்தார். ஆனால் அந்த நிறம் விடவில்லை. இறங்கினேன். ஒரு கடையில் விலை படியவில்லை, அடுத்த கடைக்கு நடந்தேன். பழத்தை வாங்கித் திரும்பினால், எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இருக்கிறது! என் கோச் முன்னாலா, பின்னாலா? கை கால் ஓடவில்லை. ரயில் லேசாக அசைந்தது. பக்கத்து வாசலில் நின்ற ஒரு அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார். மூன்று பெட்டி உள்ளுக்குள்ளேயே நடந்து என் இடத்துக்கு வந்து சேர்ந்தபோது, நெஞ்சு அடித்த சத்தம் எனக்கே கேட்டது. அதன் பிறகு அரைமணி நேரம் யாரோடும் பேசவில்லை. குற்றம் முழுக்க என்னுடையதுதான். ஆரஞ்சு மட்டும் நல்ல இனிப்பு!

என்னை இழுத்துப் போட்ட அம்மா கொஞ்ச நேரத்தில் என்னைத் தேடிக்கொண்டு வந்து, எதிர் பெர்த்தில் உட்கார்ந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இந்தி தெரியாது. மகள், பிரசவம் என்று ஜாடை காட்டினேன். பையைத் திறந்து சுக்கைக் காட்டினேன். "சோண்ட்!" என்று அவர் முகம் மலர்ந்தது. அவர்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குச் சுக்கும் கோந்தும் நெய்யும் சேர்த்து லட்டு பிடித்துத் தருவார்களாம். கோந்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'கோந்த்'. அப்புறம் பேச மொழி எதற்கு? என் லேகியத்தில் ஒரு உருண்டை அவருக்குப் போயிற்று. இட்டார்சி தாண்டி இருட்டிய பிறகு நர்மதையைக் கடந்தபோது இரண்டு பேரும் சேர்ந்தே கும்பிட்டோம். இரவுக் குளிரில் நான் நடுங்குவதைப் பார்த்து, தன் கம்பளியில் பாதியை என் மேல் போர்த்தினார்.

கண் விழித்தபோது ரயில் நின்றிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. வெள்ளையாக மூடுபனி! வடக்கே ஜனவரியில் இது சகஜமாம். ஊர்ந்து ஊர்ந்து புதுடில்லி போய்ச் சேர்ந்தபோது நாலு மணி நேரம் தாமதம். என் செல்போன் எப்போதோ அணைந்து போயிருந்தது. நல்லவேளை, எல்லா நம்பரையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த அம்மாவின் போனில் மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன்.

"அத்தை, ராத்திரியே வலி எடுத்துடுச்சு. ஆஸ்பத்திரியில இருக்கோம். நீங்க அங்கேயே உட்காருங்க, நான் வந்துடறேன்."

அந்த ஒரு நிமிஷம் ஸ்டேஷனே சுற்றியது. தெரியாத ஊர், தெரியாத பாஷை. உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. ஆனால் மகள் தனியாக வலியில் துடிப்பாளே!

"வேண்டாம் மாப்பிள்ளை. நீங்க அவ பக்கத்துலயே இருங்க. ஆஸ்பத்திரி விலாசத்தை மட்டும் இந்த அம்மாகிட்ட இந்தியில சொல்லுங்க" என்றேன்.

என் கணவர் எழுதிக் கொடுத்த தாளின் பின்பக்கத்தில் விலாசம் இந்தியில் ஏறியது. அந்த அம்மாவே போர்ட்டரைப் பேசிவிட்டு, ஸ்டேஷனுக்கு வெளியே பிரீபெய்டு டாக்சி கவுண்டரைக் காட்டினார். தாளை நீட்டினேன். பணம் கட்டி ரசீது வாங்கினேன். ரசீதை இறங்கிய பிறகுதான் டிரைவரிடம் கொடுக்க வேண்டும் என்பதையும் அவரே ஜாடையில் சொல்லிக் கொடுத்தார். அவர் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். இன்றும் அது என் மனசில் உறுத்துகிறது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் மகள், "யாரும்மா கூட்டிட்டு வந்தா?" என்றாள்.

"யாரும் இல்லடி. நானே வந்தேன்" என்றேன். அன்று பிற்பகலில் பேத்தி பிறந்தாள்.

சகோதரிகளே, நான் பட்டதிலிருந்து சில விஷயங்கள் சொல்கிறேன். டிக்கெட் விவரத்தையும் போன் நம்பர்களையும் ஒரு தாளில் எழுதி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். தொலைதூர எக்ஸ்பிரஸ் ரயில்களின் ஸ்லீப்பரில் பெண்களுக்கென்று 6 பெர்த் ஒதுக்கீடு உண்டு. 45 வயசு தாண்டிய பெண்களுக்கு, இடம் இருந்தால் கீழ் பெர்த் கொடுக்கிறார்கள். வழியில் ஆபத்து என்றால் 139-க்குப் போன் செய்யலாம். குளிர் காலத்தில் வடக்கே போனால் ஒரு வேளைச் சாப்பாடு அதிகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, ஆரஞ்சுக்காக இறங்காதீர்கள்!

புது ஊர் என்றால் பயம் வரத்தான் செய்யும். ஆனால் ஒருத்தரிடம் வாய் திறந்து கேட்டதுமே அது பாதி தெரிந்த ஊராகிவிடுகிறது. பேத்திக்கு நாற்பது நாள் ஆனதும், ராமகிருஷ்ணபுரத்தில் இருக்கும் மலை மந்திருக்கு நான் தனியாகவே போய் வந்தேன். நம் சுவாமிமலை முருகனுக்கு அங்கே 'உத்தர சுவாமிமலை' என்று சின்னக் குன்றின் மேல் கோயில் கட்டியிருக்கிறார்கள். மெட்ரோவில் முதல் பெட்டி பெண்களுக்கென்றே இருக்கிறது. எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன்.

கால் சரியானதும் என் கணவர் டில்லி வந்தார். ஊர் திரும்பும் நாளில், ஸ்டேஷனில் பழக்கதோஷத்தில் கையை நீட்டி, "டிக்கெட்டைக் குடு" என்றார்.

"என்கிட்டயே இருக்கட்டுங்க" என்றேன்.

நம்பர் பார்த்துக்கொண்டே முன்னால் நடந்தேன். கோச் வந்ததும் திரும்பிப் பார்த்தால், சாப்பாட்டுக் கூடையும் தண்ணீருமாக என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்!

- ஒரு வாசகி, கும்பகோணம்.