மாலைக்கும் மைதானத்துக்கும் ஒரே புல்

விநாயகர் சதுர்த்தியன்று மயிலாப்பூர் மாட வீதிகளில் கட்டுக்கட்டாக விற்கும் அருகம்புல்லுக்குத் தாவரவியலில் சைனோடான் டாக்டிலான் என்று பெயர். வெப்ப நாடுகளின் கோல்ஃப் திடல்களிலும் விளையாட்டரங்குகளிலும் விரிந்துகிடக்கும் பெர்முடா புல்லும் இந்த இனமே, அல்லது இதன் கலப்பினமே.

அருகு வெயிலுக்கென்றே பிறந்தது. 27 முதல் 35 டிகிரி செல்சியஸில் நன்கு செழிக்கும். நெல் போன்ற பயிர்கள் கடும் வெப்பத்தில் தாம் சேர்த்த கரியில் ஒரு பங்கை ஒளிச்சுவாசத்தில் இழக்கின்றன. அருகோ கரியமில வாயுவை நான்கு கரி அணுக்கள் கொண்ட சேர்மமாகப் பிடித்து, இலையின் உட்செல்களில் செறிவாகச் சேர்க்கிறது. இழப்பும் குறைவு, தண்ணீர்ச் செலவும் குறைவு. தரைமேல் ஒரு தண்டு, மண்ணுக்குள் ஒரு தண்டு என ஓடி, கணுவுக்குக் கணு வேர்விடுவதால் எவ்வளவு மிதித்தாலும் மீண்டும் தழைக்கும்.

இதை மேலும் மென்மையாக்கியவர் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஊரில் பணியாற்றிய கிளென் பர்ட்டன். அருகும் அதற்கு உறவான ஓர் ஆப்பிரிக்கச் சிற்றினமும் கலந்து உருவான ரகங்களில் டிஃப்கிரீனை 1956இலும் டிஃப்வேயை 1960இலும் வெளியிட்டார். தாயும் தந்தையும் தந்த குரோமோசோம்கள் சரிசமமாக இணைசேராததால் இவை மலடு, விதை பிடிக்காது. தண்டை நறுக்கி நட்டோ, மண்ணோடு பெயர்த்துப் பதித்தோதான் பெருக்க முடியும். ஒரே செடியின் துண்டுகள் என்பதால் திடல் முழுவதும் புல் ஒரே சீராக இருக்கும்.

சென்னையில் வெப்பத்துக்குக் குறைவில்லை. புல்லுக்குச் சிக்கல் நிழல்தான். தி. நகரில் இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவிலோ, அடையாறில் தூங்குமூஞ்சி மரத்தடியிலோ அருகு நீண்டு மெலிந்து, திட்டுத்திட்டாக மறைந்துவிடும். ஓரளவு நிழல் இருந்தால் நர்சரிகளில் கொரியன் புல் என்று விற்கும் சாய்சியா ஏற்றது. மெதுவாக வளர்வதால் அடிக்கடி வெட்ட வேண்டாம். ஆனால் தரையை மூடுவதற்குள் கோரை முந்திக்கொள்ளும், நெருக்கி நடவேண்டும். இன்னும் நிழல் கூடினால் அகன்ற இலையுள்ள பஃபலோ புல். கடலோரத்து உப்புநீரை அருகும் சாய்சியாவும் ஓரளவு தாங்கும்.

எந்த ரகமானாலும் ஒரே வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கக் கூடாது. வாங்குமுன் அந்த இடத்தில் எத்தனை மணி நேரம் நேர்வெயில் விழுகிறது என்று பாருங்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால், எவ்வளவு உயர்ந்த பெர்முடா ரகமும் வீண்செலவு.