பழம்பொறியின் புதுப்பணி

கிழிந்த வேட்டி விளக்குத் திரியாகின்றது. வாய் உடைந்த குடம் துளசிச் செடியைத் தாங்குகின்றது. தேய்ந்த அரிவாள் காய் நறுக்கும் கத்தியாகின்றது. ஒரு பணிக்கு உதவாத பொருள் எப்பணிக்கும் உதவாது என்று நம் முன்னோர் கருதினாரல்லர். எஞ்சிய ஆற்றலை அளந்தறிந்து அதற்கேற்ற தொழிலில் அமர்த்தினர். இந்நெறி இக்காலக் கணினிக்கும் பொருந்தும்.

கணினிகளுள் ஒருவகை சர்வர் எனப்படும். தமிழில் அதனை வழங்கி என்பர். பல கணினிகளுக்கு வேண்டிய கோப்புகளைத் தன்பால் வைத்திருந்து, கேட்கும்தோறும் எடுத்து வழங்குதலின் அஃது அப்பெயர் பெற்றது. பெரிய நிறுவனங்களில் வழங்கிகள் தனியறையில் அடுக்கடுக்காக நிற்கும். சிறிய அலுவலகங்களுக்கென்றே ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் 2010-ஆம் ஆண்டில் 'மைக்ரோசர்வர்' என்னும் சிறு வழங்கியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் அடுத்த வடிவமாகிய 'என்40எல்' 2011-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் உயரம் ஏறத்தாழ 27 செ.மீ.; அகலம் 21 செ.மீ.; ஆழம் 26 செ.மீ. அரிசி அளக்கும் மரக்காலைப் போல ஒரு மூலையில் அடங்கும் அப்பெட்டியின் கதவைத் திறந்தால், ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டுகளைச் செருகுதற்குரிய நான்கு அறைகள் காணப்படும்.

அதன் மையச் செயலியின் வேகம் 1.5 கிகாஹெர்ட்சு. பின்னர் வந்த கணினிகளோடு ஒப்பிட, அது மெல்ல நடக்கும் முதியவரைப் போன்றது. ஆதலின் அலுவலகங்கள் அதனைக் கழித்துவிடுகின்றன. ஆயினும், களஞ்சியத்தைக் காப்பவனுக்கு விரைந்து ஓடும் கால்கள் வேண்டுவதில்லை. விழித்திருக்கும் கண்களே வேண்டும். ஓர் இல்லத்தின் ஒளிப்படங்களையும் பாடல்களையும் திரைப்படங்களையும் சேமித்துவைத்து, வேண்டும்போது எடுத்துத் தருவதற்கு அம்முதிய பொறியின் ஆற்றல் போதுமானது.

அதனைப் புதுப்பணிக்கு ஆயத்தம் செய்வது எவ்வாறு? முதற்கண், முன்பு வைத்திருந்தவரின் கோப்புகளை முற்றிலும் அழித்தல் வேண்டும். பிறர் செய்திகளைப் படித்தல் பண்பாகாது. அடுத்து, மின்னிணைப்பை நீக்கிவிட்டு உள்ளே படிந்த தூசியைத் துடைத்தல் வேண்டும். விசிறி தடையின்றிச் சுழல்கின்றதா என்று நோக்குதலும், நாள்காட்டும் கடிகாரத்திற்கு உயிரூட்டும் பொத்தான் மின்கலம் தீர்ந்திருப்பின் மாற்றுதலும் இன்றியமையாதன. பல்லாண்டு சுழன்று தேய்ந்த வன்தட்டுகளை நம்பாது புதியன இடுதல் நலம். பொறி பழையதாயினும், பொருள் தங்கும் தட்டு பழுதற்றதாக இருத்தல் வேண்டும்.

பின்னர் இயங்குதளத்தை நிறுவுவர். இப்பணிக்கென்றே விலையின்றிக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள்கள் உள. அவற்றுள் ஒன்று, 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஓப்பன் மீடியா வால்ட்'. அதனை நிறுவிய பின்னர், வழங்கிக்குத் தனித்திரையோ விசைப்பலகையோ வேண்டுவதில்லை. இல்லத்தின் வலையமைப்போடு இணைத்து, வேறொரு கணினியிலிருந்தே அதனை ஆளலாம். 2018-ஆம் ஆண்டில் தோன்றிய 'ஜெல்லிஃபின்' என்னும் மென்பொருளையும் சேர்த்துக்கொண்டால், சேமித்த பாடலையும் படத்தையும் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் கண்டு மகிழலாம்.

இங்கே ஒன்று கருதத்தக்கது. ஒரு வடிவில் உள்ள படத்தை ஓடும்போதே வேறு வடிவுக்கு மாற்றித் தருதல் கடினமான வேலை. முதிய செயலி அதனைச் செய்யப் புகுந்தால் படம் தடைப்பட்டுத் தடைப்பட்டு ஓடும். ஆகவே, தொலைக்காட்சி தானே ஏற்கும் வடிவில் படங்களைச் சேமித்துவைப்பதே தக்க வழி. கருவியின் எல்லையறிந்து வேலை வாங்குவோர் அதனைக் குறைகூற மாட்டார்.

இனி, ஒரு தட்டு பழுதுற்றால் பொருள் என்னாவது? இதற்கும் வழியுண்டு. பேட்டர்சன், கிப்சன், காட்சு என்னும் மூவர், அமெரிக்காவின் பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து 1988-ஆம் ஆண்டில் 'ரெய்டு' என்னும் முறையை விளக்கினர். அதன் கருத்தை ஓர் எளிய கணக்கால் உணரலாம். மூன்று தட்டுகளில் முறையே 7, 5, 8 என்னும் எண்களை எழுதி, நான்காவதில் அவற்றின் கூட்டுத்தொகையாகிய 20-ஐ எழுதுவோம். இரண்டாம் தட்டு அழிந்துவிட்டது என்று கொள்க. 20-இலிருந்து 7-ஐயும் 8-ஐயும் கழித்தால், இழந்த 5 மீண்டுவிடும். பொறி செய்யும் கணக்கு இதனின் வேறாயினும் கருத்து இதுவே. இம்முறையில் 2 டெராபைட் கொண்ட தட்டுகள் நான்கை இட்டால், 6 டெராபைட் பயன்பாட்டுக்கு வரும். ஒரு தட்டின் அளவு காவலுக்குச் செல்லும்.

எனினும், இக்காவலைக் கண்டு அயர்ந்துவிடலாகாது. தட்டு பழுதாவதிலிருந்து மட்டுமே இது காக்கும். ஒரு சிறுவன் தன் பாட்டியின் குரல் பதிந்த கோப்பைக் கைதவறி அழித்துவிட்டால், அஃது எல்லாத் தட்டுகளிலுமிருந்து அப்பொழுதே மறையும். தீயோ வெள்ளமோ திருட்டோ நேரின், பெட்டியோடு அனைத்தும் போகும். பாட்டி மறைந்த பின்னர் அக்குரலை எக்கடையில் வாங்குவது? ஆகவே, அரியவற்றுக்கு மற்றொரு படி எடுத்து வேறோர் இடத்தில் வைத்தல் வேண்டும். ஓலைச்சுவடிகள் செல்லரித்து அழியுமுன் நம் முன்னோர் பெயர்த்தெழுதிப் பல இடங்களில் வைத்தனர். ஓரிடத்துச் சுவடி அழிந்தபோதும் பிறிதோரிடத்துச் சுவடி நூலைக் காத்தது. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று சுவடி தேடிப் பண்டை நூல்களைப் பதிப்பிக்க முடிந்ததும் அதனாலன்றோ!

பழம்பொறியைப் போற்றுவோர் செலவையும் எண்ணுதல் தகும். அது 40 வாட் மின்னாற்றலை ஈர்க்குமாயின், நாள் முழுதும் இயங்க ஏறத்தாழ ஒரு யூனிட் செலவாகும். ஆண்டொன்றுக்கு 350 யூனிட் ஆகும். வேண்டாத வேளையில் அணைத்துவைப்பது சிக்கனம். மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்தலும், இல்லத்துக்கு வெளியேயுள்ள இணையத்திலிருந்து எவரும் நுழையாதபடி காத்தலும் கடமையாம்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததென ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கை கூறுகின்றது. அக்குவியலில் சேரவேண்டிய ஒரு சிறு பெட்டி, ஒரு குடும்பத்தின் நினைவுகளைத் தாங்கி மேலும் சில ஆண்டுகள் பயன்படுமாயின் அது நன்றே. ஆனால் பொறி என்றேனும் ஒருநாள் ஓயும். அன்றும் நினைவுகள் அழியாதிருத்தல், மறவாது படியெடுத்து வைக்கும் மனிதரின் கருத்தையே பொறுத்தது.