கனடாவில் குளிரூட்டித் தொழில்: அனுபவத்தோடு அனுமதியும் வேண்டும்

புலம்பெயர நினைக்கும் இளைஞர்களுக்குப் பெரியோர் கூறும் அறிவுரை, கைத்தொழில் ஒன்றைக் கற்றுக்கொண்டு செல் என்பதாகும். அது நல்ல அறிவுரையே. ஆயினும், கற்ற தொழிலைச் சென்றடையும் நாட்டில் செய்வதற்குச் சட்டம் எதை எதிர்பார்க்கின்றது என்பதையும் புறப்படுமுன் அறிந்திருத்தல் அவசியம். கனடாவில் எம்மவர் பெருமளவில் வாழும் ஒன்ராறியோ மாகாணத்தின் வெப்பமூட்டல், குளிரூட்டல் தொழில் இதற்குத் தக்க உதாரணமாகும்.

இங்கு குளிரூட்டி என்பது வசதி. அங்கோ, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் உலை உயிர்வாழ்வுக்கே இன்றியமையாதது. பல வீடுகளில் அந்த உலை இயற்கை எரிவாயுவில் இயங்குகின்றது. கோடையில் அதே காற்றுக் குழாய்களின் வழியாகவே குளிர்காற்றும் வருகின்றது. ஆகவே ஒரே வீட்டில் எரிவாயு, குளிரூட்டி வாயு, மின்சாரம் ஆகிய மூன்றையும் கையாள வேண்டியுள்ளது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதி கோரப்படுவதன் காரணமும் இதுவே.

முதலாவது, குளிரூட்டல் தொழிலுக்கான தகைமை. ஒன்ராறியோவில் இது கட்டாயச் சான்றிதழ் தேவைப்படும் தொழிலாகும். சான்றிதழ் பெற்றவரோ பதிவு செய்யப்பட்ட பயிலுநரோ தவிர்ந்த வேறெவரும் இதில் ஈடுபட முடியாது. எல்லா வகைக் குளிரூட்டல் தொகுதிகளுக்கும் உரியது 313ஏ என்ற பிரிவு. வீட்டுக் குளிரூட்டிகளுக்கு மட்டும் உரியது 313டி. முன்னையதற்கான பயிலுநர் காலம் ஏறத்தாழ 9,000 மணித்தியாலங்கள், அதாவது ஐந்து ஆண்டுகளாகும். அதன் பின்னர் தகைமைப் பரீட்சையில் 70 வீதப் புள்ளிகள் பெறவேண்டும்.

இரண்டாவது, எரிவாயு அனுமதிப்பத்திரம். குளிரூட்டியில் எவ்வளவு தேர்ச்சி இருப்பினும், இப்பத்திரம் இன்றி எரிவாயு உலையில் கைவைக்க முடியாது. ஜி3 தரத்தினர் மேற்பார்வையின் கீழ் மட்டுமே பணியாற்றலாம். ஜி2 தரத்தினர் மணிக்கு 4 இலட்சம் பிரித்தானிய வெப்ப அலகு வரையான சாதனங்களைத் தனித்துக் கையாளலாம். ஜி1 தரத்தினருக்கு அந்த எல்லை இல்லை. தொழிலாளிக்குப் பத்திரம் இருந்தால் மட்டும் போதாது. ஒப்பந்தகார நிறுவனமும் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது, ஓசோன் படைப் பாதுகாப்புப் பயிற்சிக்கான அட்டை. குளிரூட்டி வாயுவை வெளியே கசியவிடாது மீட்டெடுக்கும் முறையை அறிந்தவர் என்பதற்கு அதுவே சான்று. இவற்றுக்கு மேலாக, வீட்டு மின்னிணைப்பு வேலைகளை அனுமதி பெற்ற மின் ஒப்பந்தகாரரிடமே ஒப்படைக்க வேண்டும்.

இத்தனை கெடுபிடிகள் எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2008ஆம் ஆண்டு ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில் எரிவாயுக் கணப்பின் புகைபோக்கி அடைபட்டதால், காபனோரொட்சைட்டு வாயு வீட்டினுள் பரவி, தாய், தந்தை, இரு பிள்ளைகள் என ஒரு குடும்பமே உயிரிழந்தது. நிறமோ மணமோ அற்ற அந்த வாயுவை எச்சரிக்கைக் கருவியின்றி உணர இயலாது. அக்குடும்பத்தின் பெயரைத் தாங்கிய சட்டம் 2013இல் நிறைவேறி, வீடுகளில் எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கியது. புகைபோக்கியையும் உலையையும் பரிசோதிப்பவரின் தகைமை எத்துணை முக்கியமானது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

வீட்டு உரிமையாளர்களுக்கும் பொறுப்புண்டு. வீடு வீடாகச் சென்று உலைகளையும் குளிரூட்டிகளையும் தலையில் கட்டும் வியாபாரம் அங்கு பலரைக் கடனாளியாக்கியது. அழைப்பின்றி வாசலுக்கு வந்து இத்தகைய ஒப்பந்தங்களில் கையொப்பம் பெறுவது 2018 மார்ச் முதல் தடை செய்யப்பட்டுள்ளது. இன்றும் எவரேனும் அவ்வாறு கதவைத் தட்டினால், கையொப்பமிடாது திருப்பியனுப்புவதே உசிதம். வேலைக்கு அழைக்கப்படுபவரிடம் அனுமதிப்பத்திரத்தைக் கேட்பது அவமதிப்பு ஆகாது.

இங்கிருந்து செல்வோருக்கு வழி அடைக்கப்பட்டுவிடவில்லை. வெளிநாட்டு அனுபவத்தை மதிப்பிட்டு, போதுமானதெனக் கண்டால் நேரடியாகப் பரீட்சைக்கு அமர இடமளிக்கும் நடைமுறை அங்குண்டு. ஆனால் அனுபவத்தை எழுத்தில் நிரூபிக்க வேண்டும். எத்தனை ஆண்டுகள், எவ்வகை இயந்திரங்கள், என்னென்ன வேலைகள் என்பதைத் தொழில்தருநர் உறுதிப்படுத்திய கடிதங்கள் இல்லாதவர், பத்தாண்டு உழைத்திருந்தும் புதியவராகவே கணிக்கப்படக்கூடும். அத்தகையவர் பிறருடைய பத்திரத்தின் நிழலில், குறைந்த கூலிக்கு மறைவில் உழைக்கத் தலைப்படுவது அவருக்கும் ஆபத்து. அவர் வேலை செய்யும் வீட்டாருக்கும் ஆபத்து.

எனவே, இங்குள்ள பயிற்சி நிலையங்களும் திருத்தகங்களும் தம்மிடம் பயில்வோருக்கு முறையான வேலைப் பதிவேட்டை வழங்க முன்வர வேண்டும் என நாம் வலியுறுத்துகின்றோம். தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழுடன் அப்பதிவேடும் கையிலிருந்தால், எமது இளைஞர்கள் தாம் கற்ற தொழிலை எங்கு சென்றாலும் தலைநிமிர்ந்து செய்ய முடியும்.