உங்கள் டிரைவ் சாவி யார் யார் கையில் இருக்கிறது?

மகளின் மதிப்பெண் சான்றிதழை ஆன்லைன் விண்ணப்பத்தில் ஏற்ற வேண்டும். ஃபைல் பெரிதாக இருப்பதால் ஏற மறுக்கிறது. கடைசி நாளும் இன்றுதான். பிடிஎஃப் அளவைக் குறைத்துத் தரும் ஏதோ ஓர் இணையதளத்தை அவசரமாகத் தேடிப் பிடிக்கிறோம். 'கூகுள் டிரைவிலிருந்து எடுக்கவா?' என்று அது கேட்கிறது. சரி என்கிறோம். அடுத்து ஒரு பக்கம் வருகிறது. அதைப் படிக்க யாருக்கு நேரம்? கீழே உள்ள 'அனுமதி' பட்டனைத் தட்டுகிறோம். வேலை முடிந்தது.

நமக்குத்தான் முடிந்தது. நாம் கொடுத்த அனுமதி, நாமே ரத்து செய்யும்வரை கணக்கில் இருந்துகொண்டே இருக்கலாம்.

பாஸ்வேர்டு இல்லை, சாவி!

இப்படி இணைக்கும்போது நம் பாஸ்வேர்டு அந்தத் தளத்துக்குப் போவதில்லை. அதற்குப் பதிலாக, கூகுள் அந்தத் தளத்துக்கு ஒரு 'டோக்கன்' கொடுக்கிறது. 'ஓஆத்' என்ற இந்த முறையைத்தான் டிராப்பாக்ஸ் உட்பட பல சேவைகள் பயன்படுத்துகின்றன. பாஸ்வேர்டைச் சொல்வதைவிட இது பாதுகாப்பானது. ஆனால், டோக்கனும் ஒரு சாவிதான். அது எந்த அறைக்கான சாவி என்பதுதான் கேள்வி.

ஊருக்குப் போகும்போது, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி பக்கத்து வீட்டில் கேட் சாவியைக் கொடுப்போம். பீரோ சாவியையும் சேர்த்தா கொடுப்போம்?

எதைப் படிக்க வேண்டும்?

அனுமதி கேட்கும் பக்கத்தில் ஒரே ஒரு வரியைப் படித்தால் போதும். 'இந்த ஆப் மூலம் நீங்கள் திறக்கும் ஃபைல்கள் மட்டும்' என்ற பொருளில் இருந்தால், அது கேட் சாவி. 'டிரைவில் உள்ள எல்லா ஃபைல்களையும் பார்க்க, திருத்த, உருவாக்க, நீக்க' என்றிருந்தால், அது பீரோ சாவி. ஆதார் நகல், வீட்டுப் பத்திரம், பாஸ்புக் பக்கம் எல்லாம் அந்த பீரோவுக்குள்தானே இருக்கின்றன? டிராப்பாக்ஸிலும் இதே கதைதான். தனக்கென ஒரு ஃபோல்டர் மட்டும் கேட்கும் ஆப்களும் உண்டு. முழுக் கணக்கையும் கேட்பவையும் உண்டு.

2017 மே மாதத்தில் நடந்தது நல்ல பாடம். யாரோ ஒரு டாக்குமென்டைப் பகிர்ந்ததுபோல பலருக்கு மெயில் வந்தது. தட்டினால், கூகுளின் உண்மையான அனுமதிப் பக்கமே திறந்தது. கேட்டதோ, 'கூகுள் டாக்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்ட போலி ஆப். அனுமதி கொடுத்தவர்களின் ஜிமெயிலும் தொடர்பு முகவரிகளும் அதன் கைக்குப் போயின. அந்த முகவரிகளுக்கும் அதே மெயில் பறந்தது. சுமார் ஒரு மணி நேரத்தில் தடுத்துவிட்டதாக கூகுள் சொன்னது. ஒருவரின் பாஸ்வேர்டைக்கூட அந்த ஆப் கேட்கவில்லை. 'அனுமதி' பட்டன் ஒன்றே போதுமானதாக இருந்தது.

சாவியைத் திரும்ப வாங்குவது எப்படி?

* போன் செட்டிங்ஸில் 'கூகுள்' பகுதிக்குப் போய், உங்கள் கணக்கை நிர்வகிக்கும் பக்கத்தைத் திறங்கள்.
* அதில் 'பாதுகாப்பு' பகுதியில், மூன்றாம் தரப்பு ஆப்களுடனான இணைப்புகள் என்ற பட்டியல் இருக்கும்.
* பெயரே ஞாபகம் இல்லாத ஆப், இப்போது பயன்படுத்தாத தளம் ஆகியவற்றின் இணைப்பை நீக்குங்கள்.
* டிராப்பாக்ஸ் வைத்திருப்பவர்கள், அதன் இணையதள செட்டிங்ஸில் இணைக்கப்பட்ட ஆப்களின் பட்டியலைப் பாருங்கள்.

போனிலிருந்து ஆப்பை அழித்தால் மட்டும் இந்த அனுமதி போகாது. பாஸ்வேர்டை மாற்றினாலும் எல்லா அனுமதிகளும் ரத்தாகிவிடாது. அதேபோல, இணைப்பை நீக்குவது இனிமேல் எடுப்பதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே நகல் எடுத்திருந்தால் அது திரும்பி வராது.

சரி, அந்தச் சான்றிதழை என்ன செய்வது? டிரைவிலிருந்து அந்த ஒரு ஃபைலை மட்டும் போனில் டவுன்லோடு செய்து, அதை மட்டும் தளத்தில் ஏற்றுங்கள். கூடுதலாக ஒரு நிமிடம் ஆகும். பீரோ சாவி நம் இடுப்பிலேயே இருக்கும்.

இன்று இரவு சாப்பிட்ட பிறகு, அந்தப் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். அப்பா, அம்மாவின் போனிலும்தான்!