நுண்ணறுவை மருத்துவத்தில் முப்பரிமாணக் காட்சி: ஆழமறிதலும் பயிற்சியும்

ஊரப்பாக்கத்திற்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி மறைமலைநகர்த் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. உலோகத் தகடுகளை அழுத்தி வடிக்கும் எந்திரங்கள் இயங்கும் இத்தகைய இடங்களில் விரல் துண்டிப்பு என்பது தொழிலாளியின் பிழைப்பையே துண்டிப்பதாகும். துண்டான உறுப்பை மீளப் பொருத்தும் நுண்ணறுவைக்கு வட தமிழகத்தில் நெடிய மரபு உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1971இல் மருத்துவர் ஆர். வெங்கடசாமி கை அறுவைக்கெனத் தனிப்பிரிவைத் தொடங்கினார். 2018இல் அங்கு ஒருவருக்கு இரு கைகளும் மாற்றிப் பொருத்தப்பட்டன.

விரல் தமனியின் விட்டம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். அதனைத் தலைமயிரினும் மெல்லிய நூலால் தைக்க வேண்டும். முன்சுவரைத் தைக்கும் ஊசி பின்சுவரையும் சேர்த்துக் கோத்துவிட்டால் குழாய் அடைபடும். குருதி உறைந்து, பொருத்திய விரல் கருகிவிடும். இப்பிழை நிகழ்வது ஆழத்தில். தட்டையான திரை காட்டத் தவறுவதும் அவ்வாழத்தையே.

ஆயினும் முப்பரிமாணக் காட்சியைப் புதுவரவு என்பது முழு உண்மையன்று. ஜப்பானின் நாரா மாகாணத்தில் 1965இல் கொமட்சுவும் தமாயும் துண்டான கட்டைவிரலைப் பொருத்திய காலத்திலேயே இருவிழி நுண்ணோக்கி ஆழத்தைக் காட்டியது. ஆனால் அதனை முழுமையாகக் கண்டவர்கள் அறுவையாளரும் எதிரிலிருந்த உதவியாளருமே. இன்றைய கருவியில் இரு ஒளிப்படக்கருவிகள் இரு கோணங்களில் படம்பிடிக்கின்றன. முனைவாக்கக் கண்ணாடி ஒவ்வொரு படத்தையும் உரிய விழிக்கு மட்டும் சேர்க்கிறது. அறையிலுள்ள செவிலியரும் பயிலும் மாணவரும் அதே ஆழத்தைக் காண்கின்றனர். ஊசி பின்சுவரைத் தொடும் நொடியிலேயே ஆசிரியர் அதனைச் சுட்ட இயலும். மாணவர் மிகுந்த அரசுக் கல்லூரிகளுக்கு இதுவே முதன்மைப் பயன் எனலாம். பல மணிநேரம் கழுத்தை வளைத்து நுண்ணோக்கிமேல் குனிந்திருக்கும் துன்பம் குறைவதும் சிறிய பயனன்று.

குறைகளும் உள. திரையைப் பக்கவாட்டிலிருந்து நோக்கினால் ஆழவுணர்வு குன்றும், கை அசைவுக்கும் திரைக் காட்சிக்கும் இடையே நுண்ணிய காலத்தாழ்வு தோன்றக்கூடும், விலையும் மிகுதி.

இவையனைத்தும் விரல் உயிர்ப்புடன் வந்து சேர்ந்தாலே பயன்படும். துண்டான விரலை ஈரமான தூய துணியில் சுற்றி, நெகிழிப் பையிலிட்டு, அப்பையையே பனிக்கட்டியின்மேல் வைத்துக் கொணர்தல் வேண்டும். நேரே பனிக்கட்டியில் இட்டால் திசு உறைந்து சிதையும்.